கலெக்டர் மேடையை அலங்கரித்தாரா? பழைய பேப்பர் தமிழ்ல ஒரு வினைச்சொல்லோட கதை

போன பொங்கலுக்கு வீட்ட வெள்ளையடிக்கறப்போ தாத்தாவோட டிரங்குப் பெட்டிய பரண்ல இருந்து இறக்கினோம். அடியில நியூஸ்பேப்பர் விரிச்சிருந்தாங்க. மஞ்சளாகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. எந்தப் பேப்பர்னு தெரியல, தேதி இருக்கற மூலையையும் எலி தின்னுடுச்சு, ஆனா "சேலம் ஜில்லா தர்மபுரி"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அதனால 1965-க்கு முன்னாடின்னு ஒரு கணக்கு போட்டுக்கிட்டேன். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல தான், அதுவரைக்கும் நாமெல்லாம் சேலத்துக்காரங்க.

அந்தத் துண்டுல ஒரு ஸ்கூல் ஆண்டு விழா செய்தி. கலெக்டர் வந்து மேடையை அலங்கரித்தார்னு போட்ருக்கு. அக்கா பொண்ணு எட்டாவது படிக்கறா, பக்கத்துல உக்காந்து அத எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, "ஏன் மாமா, கலெக்டரே வந்து கலர் பேப்பர் ஒட்டினாரா?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சிட்டோம், அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. ராத்திரி யோசிச்சுப் பாத்தா அவ கேட்டதுல தப்பே இல்ல, இலக்கணப்படி அந்த வாக்கியத்துக்கு அதுதான் நேரான அர்த்தம், நாமதான் பழகிப் பழகி வேற அர்த்தம் எடுத்துக்கறோம்.

அலங்கரிக்கறதுன்னா மூணு பேரு வேணும். செய்யற ஆளு ஒருத்தர், செய்யப்படற எடம் ஒன்னு, எதால செய்யறோமோ அந்தப் பொருள் ஒன்னு. பந்தல்காரர் மேடைய வாழமரத்தாலயும் மாவிலைத் தோரணத்தாலயும் அலங்கரிச்சார், சரி, கணக்கு சரியா இருக்கு. பேப்பர் தமிழ் என்ன பண்ணுச்சுன்னா பந்தல்காரரக் கழட்டி விட்டுடுச்சு, வாழமரம் நின்ன எடத்துல கலெக்டர நிறுத்தி, அவரையே செய்யற ஆளாவும் ஆக்கிடுச்சு. அவரு ஒன்னும் செய்ய வேணாம். வந்து உக்காந்தா போதும், அலங்காரம் ஆயிடுச்சு. ராத்திரி பூரா ஏணி போட்டு சீரியல் பல்பு கட்டினவரு பேரு எங்கயும் இல்ல, ரெண்டு மணி நேரம் லேட்டா வந்து உக்காந்தவருதான் "அலங்கரித்தவர்".

மேடை மட்டும் இல்ல. தலைவர் பதவியை அலங்கரித்தார், நீதிபதி ஆசனத்தை அலங்கரித்தார், அவையை அலங்கரித்தனர், முனிசிபல் சேர்மன் நாற்காலியை அலங்கரித்தவர், இப்படி எங்கெல்லாம் ஒரு சீட்டு இருக்கோ அங்கெல்லாம் இந்த வினைச்சொல் போய் ஒட்டிக்கும். கவனிச்சீங்கன்னா செயப்படுபொருள் எப்பவும் ஒரு இருக்கையா இருக்கும், இல்லன்னா இருக்கை போடற எடமா இருக்கும். வயல அலங்கரித்தார், பட்டறைய அலங்கரித்தார்னு யாரையும் எழுதினதில்ல. நின்னுகிட்டு வேலை செய்யற எடத்துக்கு இந்த வார்த்தை வராது.

இது எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா பேப்பர்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. அலங்காரம்ங்கறது சமஸ்கிருத வார்த்தை, அதுல "அலம்"னா போதும், நிறைவுன்னு அர்த்தம், அதோட செய்யறதுங்கற வினை சேருது, ஆக ஒன்ன நிறைவாக்கறதுதான் அலங்காரம். தமிழ்ல அதுக்கு அணி. அணிகளப் பத்தின தமிழ் இலக்கணத்துக்கே தண்டியலங்காரம்னு தானே பேரு வச்சாங்க. ராஜாக்கள் காலத்துல புலவர்கள சபைக்கு ஆபரணம்னு சொல்ற வழக்கம் இருந்துச்சு. ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல நாம எல்லாருமே உருப்போட்டிருப்போம், அக்பர் அவையை நவரத்தினங்கள் அலங்கரித்தனர், கிருஷ்ணதேவராயர் அவையை அஷ்டதிக்கஜங்கள் அலங்கரித்தனர். ஒம்பது பேர ஒம்பது கல்லுன்னு சொல்லியாச்சு, அப்ப கல்லு என்ன பண்ணும், பதிச்ச எடத்துல மின்னும், அவ்ளோதான். அந்த உவமையில இந்த வினை கச்சிதமா பொருந்துது. ராஜா போயிட்டாரு, சபை போயிடுச்சு, கலெக்டரும் சேர்மனும் வந்தாங்க, வினைச்சொல் மட்டும் அப்படியே பந்திக்கு வந்துடுச்சு.

நம்ம பக்கம் இருந்து பாத்தா இன்னொரு விஷயமும் தெரியும். ஓசூர்ல ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசற வீடுங்க இருக்கு. என் சின்ன மாமா வீட்டு மாடியில குடியிருக்கறவங்க கன்னடம், அவங்க தாத்தா பெங்களூர்ப் பேப்பர்தான் படிப்பாரு, அவருகிட்ட இதக் கேட்டேன். "பதவி அலங்கரிசிதரு"ன்னு டக்குனு சொன்னாரு, அதே தான். தெலுங்குலயும் "பதவினி அலங்கரிஞ்சாரு"ன்னு இருக்கு, மலையாளத்துலயும் உண்டு. அங்கெல்லாம் இன்னும் சாதாரணமா புழங்குது, தமிழ்லதான் வயசாயிடுச்சு. ஏன் இங்க மட்டும்ங்கறதுதான் இந்தக் கதையில ருசியான பகுதி.

சுதேசமித்திரன் 1882-ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்சு 1899-ல தினசரி ஆச்சு. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தமிழ்ல ஒரு கூட்டச் செய்தி எப்படி இருக்கும்னா, கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, அக்கிராசனாதிபதி. அக்கிராசனம்னா முதல் இருக்கை. அவரு பேச மாட்டாரு, பிரசங்கம் பண்ணுவாரு. தீர்மானத்த ஒருத்தர் பிரேரேபிப்பாரு, இன்னொருத்தர் ஆமோதிப்பாரு. கடைசியில நன்றி கிடையாது, வந்தனோபசாரம். தேர்தல்ல நிக்கறவரு அபேட்சகர். இந்தக் கூட்டத்துக்கு நடுவுல "அலங்கரித்தார்" உக்காந்திருந்தா ஒன்னும் உறுத்தாது, அது சொந்தக்காரங்க வீடு மாதிரி. கூடவே இங்கிலீஷ் பேப்பர்லயும் விருந்தாளி விழாவுக்கு கிரேஸ் சேர்த்தாரு, ஜட்ஜு பெஞ்ச அடார்ன் பண்ணாருன்னு எழுதற பழக்கம் இருந்ததால, அங்க படிச்சு இங்க எழுதறவருக்கு கைக்குத் தயாரா ஒரு சொல் இருந்துச்சு.

அப்புறம் காத்து மாறிச்சு. மறைமலை அடிகளோட தனித்தமிழ் இயக்கம் 1916-ல, பெரியாரோட குடி அரசு 1925-ல. சுயமரியாதை மேடைங்க வந்தப்புறம் அக்கிராசனாதிபதி தலைவரானாரு, உபந்நியாசம் சொற்பொழிவாச்சு, அபேட்சகர் வேட்பாளர், ஜில்லா மாவட்டம், மந்திரி அமைச்சர். 1942-ல மதுரையில தினத்தந்திய ஆதித்தனார் ஆரம்பிச்சாரு, அங்க நோக்கமே வேற, எழுத்துக்கூட்டிப் படிக்கறவனுக்கும், டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிக்க நாலு பேரு கேக்கறதுக்கும் தோதா எழுதணும், சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்துல இருக்கற வார்த்தை. சத்தமா படிச்சுக் காட்டற எடத்துல "ஆசனத்தை அலங்கரித்தார்"னா என் அக்கா பொண்ணு கேட்ட கேள்வியே தான் வரும்.

இதுல எனக்குப் புடிச்ச இன்னொரு விஷயம், இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு பழைய வினை இருந்துச்சு, "வகித்தார்". பதவி வகித்தார், அக்கிராசனம் வகித்தார். வகிக்கறதுன்னா சுமக்கறது, வாகனம்ங்கற வார்த்தையும் அதே வேர்தான். ஒருத்தர் பதவிய சுமக்கறாரு, இன்னொருத்தர் அதே பதவிக்கு நகையா தொங்கறாரு, ரெண்டும் ஒரே காலத்துல ஒரே பக்கத்துல. சமஸ்கிருதம் கழிஞ்சப்போ "வகித்தார்" பொழச்சுக்கிச்சு, இன்னைக்கும் உள்ளூர்ச் செய்தியில "முன்னிலை வகித்தனர்"னு போட்டு கூடவே பதினஞ்சு பேரு வரும். தலைமைக்கு மட்டும் "தலைமை தாங்கினார்"னு தமிழ் வந்துச்சு, தாங்கறதும் சுமக்கறதுதான். அதாவது சுமை இருக்கற பக்கம் மொழி பெயர்ந்து வந்துடுச்சு. நகை இருக்கற பக்கத்துக்கு "சிறப்பித்தார்"ங்கறத வச்சாங்க. இது வடமொழிய எடுத்துட்டு அதே வேலைய அதே எடத்துல செய்யற ஆளு. சிறப்பிக்கறவரும் ஒன்னும் செய்யறதில்ல, வர்றாரு. கல்யாணப் பத்திரிகையில நாமும் தான் போடறோம், சுற்றமும் நட்பும் வந்திருந்து சிறப்பிக்கவும்னு. வந்து மொய் வச்சாலே சிறப்பாயிடும்.

உக்காரறதுக்கு மட்டும் பேப்பர் தமிழ்ல எத்தன படி பாருங்க. சாதாரண ஆளு தரையில உட்கார்ந்தான். ஆபீசர் அமர்ந்தார். தலைவர் வீற்றிருந்தார், இதுல வீறுங்கற சொல்லு உள்ள இருக்கு, அதாவது தனிப் பெருமையோட இருந்தார். சாமி எழுந்தருளினார். விருந்தாளிக்கு எது போடறதுன்னு யோசிச்சா, அமர்ந்தார்னா கம்மி, எழுந்தருளினார்னா ஓவர், அப்ப நடுவுல காலியா இருந்த எடத்துல தான் அலங்கரித்தார் போய் உக்காந்துச்சு. வேலை இருந்ததாலதான் அது அத்தன வருஷம் நின்னுச்சு.

எங்க பெரியப்பா ஒருத்தர் அரூர்ப் பக்கம் பார்ட் டைம் நிருபரா இருந்தவரு. எண்பதுகள்ல. செய்திய எழுதி கவர்ல போட்டு சேலம் போற பஸ்ஸுல டிரைவர்கிட்ட குடுத்து விடுவாரு, அங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிட்டுப் போவான். அவருகிட்ட இந்தப் பெட்டித் துண்ட காட்டினேன். கண்ணாடியப் போட்டுப் படிச்சிட்டு சிரிச்சாரு.

"இது அந்த ஸ்கூல் வாத்தியாரு எழுதிக் குடுத்ததுடா, நிருபர் எழுதினதில்ல. விழா முடிஞ்சதும் அவங்களே வெள்ளத்தாள்ல எழுதிக் குடுத்துருவாங்க, நாங்க அத அப்படியே கவர்ல போட்ருவோம்."

"நீங்க எழுதினதே இல்லையா பெரியப்பா?"

"எழுதாம? ஒருத்தரு மேடையில உக்காந்திருக்காரு, பேசவும் இல்ல, பரிசும் குடுக்கல, டொனேஷனும் குடுக்கல. ஆனா அவரு பேரு வரலைன்னா மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடுவாரு. அவரு என்ன பண்ணாருன்னு நான் எழுதறது? அலங்கரித்தார்னு எழுதிருவேன். பொய்யும் இல்ல பாரு."

எனக்கு இதுக்கு மேல ஒரு விளக்கம் தேவைப்படல. ஒன்னும் செய்யாதவருக்கு ஒரு வினைச்சொல் வேணும், ஏன்னா வாக்கியம்னா வினையில முடியணும். பேசினார், வழங்கினார், திறந்து வைத்தார் எதுவும் பொருந்தாத ஆளுக்கு இது. அதனால பழைய செய்தியில யாராச்சும் எதையாச்சும் அலங்கரிச்சிருந்தா, அவரு அன்னைக்கு அங்க வேற எதுவும் பண்ணலைன்னு நான் இப்பல்லாம் படிக்க ஆரம்பிச்சிட்டேன். முழுசா நியாயமான்னு கேட்டா இல்ல தான், நல்லா வேலை செஞ்சவங்களுக்கும் ஓய்வு பெறும்போது அதே வார்த்தையதான் போட்டாங்க, ஆனா முக்காவாசி சரியா வரும்.

ராஜாஜி விஷயத்துல இது கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். அவரு நம்ம ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில 1878-ல பொறந்தவரு. சேலம் முனிசிபல் சேர்மன், 1937-ல மதராஸ் மாகாணப் பிரதமர், மேற்கு வங்க கவர்னர், 1948-ல இந்தியாவோட கவர்னர் ஜெனரல், 1952-ல மறுபடி மதராஸ் முதலமைச்சர். வாழ்க்கைக் குறிப்பு எழுதறவங்களுக்கு "பதவிகளை அலங்கரித்தவர்"னு ஒரே வரியில முடிக்க இதவிட வசதியான ஆளு கிடையாது. ஆனா இந்த உவமைய கொஞ்சம் நீட்டினா பதவிதான் ஒடம்பு, ஆளு நகை. நகையக் கழட்டினாலும் ஒடம்பு இருக்கும். கவர்னர் ஜெனரல் பதவியில மட்டும் அது தலைகீழாயிடுச்சு, 1950 ஜனவரி 26-ல குடியரசு ஆனப்போ அந்தப் பதவியே இல்லாம போச்சு, அவரு அதுக்கப்புறம் கட்சி ஆரம்பிச்சு 1972 வரைக்கும் இருந்தாரு.

அதே பழைய சேலம் ஜில்லாவுல பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா. ஜெயில்ல தொழுநோய் வந்து, அந்த நோய காரணம் காட்டி அரசாங்கம் ரயில்ல ஏற விடாததால ஊர் ஊரா நடந்தே போனவரு, 1925 ஜூலை 23-ல அங்கதான் செத்துப்போனாரு. அவருக்கு ஒரு நாற்காலியும் இருந்ததில்ல. இந்த வினைச்சொல்லுக்கு அவருகிட்ட வேலையே இல்ல. நடந்தார், எழுதினார், சிறை சென்றார்னு தான் எழுத முடியும்.

இன்னும் பழசுக்குப் போனா நம்ம மண்ணுல செய்தி எழுதற முறை வேற மாதிரி இருந்திருக்கு. தர்மபுரி அகழ்வைப்பகத்துல நடுகல்லுங்க வரிசையா நிக்கும், போகாதவங்க ஒருதடவ போங்க. கால்நடைக் கூட்டத்த கவர்ந்துட்டுப் போனவங்கள எதுத்து செத்தவனுக்கு ஊரு வச்ச கல்லு. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்லுங்கள்ல வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு: எந்த ராஜாவுக்கு எத்தனாவது ஆட்சி ஆண்டு, இவன் யாரோட ஆளு, இவன் பேரு என்ன, தொறு மீட்டுப் பட்டான். தொறுன்னா மாட்டு மந்தை. பட்டான்னா செத்தான். முடிஞ்சுது. சில கல்லு முன்னாடி நின்னு பாத்தீங்கன்னா உருவத்துல கொண்டை இருக்கும், காதுல நகை இருக்கும், ஒரு கையில வில்லு, ஒரு கையில குத்துவாள், ஒடம்புல அம்பு குத்தி நிக்கறதும் இருக்கும். அலங்காரமெல்லாம் உளியில முடிஞ்சிடுச்சு, எழுத்துக்கு மிச்சம் வைக்கல. யாரு, எப்ப, எங்க, என்ன ஆச்சுன்னு ஒரு நிருபர் இத விடச் சின்னதா எழுத முடியாது, இடம் பத்தாதுன்னு சப்-எடிட்டர் வெட்டறதுக்கும் ஒன்னும் இல்ல.

தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போன கதையும் இங்க ஞாபகம் வருது, புறநானூறு 95-ஆவது பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டகைய காட்டறான். ஔவை பாத்துட்டு, இதெல்லாம் மயில்பீலி வச்சு மாலை போட்டு நெய் பூசி பளபளன்னு இருக்கு, எங்க ஆளோட வேலு நுனி ஒடைஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு சொல்றாங்க. அவங்க தொண்டைமான ஒரு வார்த்தை திட்டல. அலங்காரம் நல்லா இருக்குன்னு தான் சொன்னாங்க.

இந்தக் குத்தல் இன்னைக்குப் பேப்பர் தமிழுக்கும் வந்து சேந்துடுச்சு. அலங்கரிக்கறது மரியாதையா வர்றது இப்ப ஓய்வு பெறும் விழா வாழ்த்து மடல்லயும் இரங்கல் செய்தியிலயும் தான், மத்தபடி வந்தா கிண்டல். பஸ் ஸ்டாண்டை அலங்கரிக்கும் குப்பை, சர்வீஸ் ரோட்டை அலங்கரிக்கும் பள்ளங்கள், ஃபைலை மட்டுமே அலங்கரிக்கும் திட்டம். இங்கயும் பாருங்க, குப்பையும் பள்ளமும் எதுவும் செய்யல, சும்மா இருக்கு. வார்த்தையோட இலக்கணம் அப்படியேதான் இருக்கு, உக்காந்திருக்கறது மட்டும் தான் மாறிடுச்சு.

நேரான அர்த்தத்துல இது நிம்மதியா வாழற ஒரே எடம் கோயில் செய்தி. அம்மன் சந்தனக்காப்பு அலங்காரத்துல, முருகன் ராஜ அலங்காரத்துல, ஆஞ்சநேயர் வடமாலையில. அங்க அலங்காரம் பண்ற அர்ச்சகருக்கும் பேரு கிடையாதுதான், ஆனா அங்க யாரும் பேருக்கு சண்டை போடறதில்ல.

இதெல்லாம் எழுதி வச்சிட்டு போன மாசம் காவேரிப்பட்டணத்துல சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். மண்டபத்துல பந்தல் போட்டவரு ஏணியில இருந்து எறங்கி டீ குடிச்சிட்டிருந்தாரு, விரல்ல பூரா டேப்பு. "உங்க வேலைக்கு தமிழ்ல என்னன்னு சொல்லுவீங்கண்ணா?"ன்னு கேட்டேன். "டெக்கரேஷன்"ன்னாரு. அலங்காரம்னு சொல்ல மாட்டீங்களான்னதுக்கு, "அது போர்டுல எழுதறதுங்க"ன்னு சொல்லிட்டு சட்டைப் பையில இருந்து ஒரு விழா நோட்டீச எடுத்துக் காட்டினாரு, நாலா மடிச்சு வச்சிருந்தாரு, ஓரம் எல்லாம் நஞ்சு போயிருந்துச்சு. மேல தலைமை, முன்னிலை, சிறப்புரைன்னு ஒரு முப்பது பேரு. எல்லாத்துக்கும் கீழ, அச்சகத்தோட பேருக்கு மேல, எறும்பு சைஸ் எழுத்துல "மேடை அலங்காரம்"னு போட்டு அவரு பேரு.